டிரைவர் பக்கத்து முக்கோணக் கண்ணாடி

ஆட்டையாம்பட்டி,
செப்டம்பர் 14, ஞாயிறு

அன்பு மகள் ஜெர்லினுக்கு அம்மா எழுதுறது. மாதா துணையில இங்க நானும் உன் தங்கச்சி ஜெஸ்ஸியும் நோவு நொடி இல்லாம இருக்கோம், அங்க நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் அப்படியே இருக்கோணும்னு காலையில பூசையில கேட்டுட்டு வந்துதான் இதை எழுத உக்காந்தேன். தினம் போன்ல மூஞ்சியைப் பாத்துப் பேசற அம்மா என்னத்துக்குப் பேப்பர்ல எழுதறான்னு பயந்துராதே. போன்லயே சொல்லிரலாம்னு மூணு தடவை வாயெடுத்தேன், மூணு தடவையும் பாப்பா என்ன தின்னாள்னு கேட்டுட்டு வெச்சுட்டேன். பேப்பர்ன்னா நடுவுல நீ அழுதாலும் எனக்குத் தெரியாது, நானும் எழுதி முடிச்சுருவேன்.

இங்க ஆடியில வந்திருக்க வேண்டிய மழை ஆவணி கடைசியிலதான் வந்துச்சு, வந்த வேகத்துல சமையக்கட்டு ஓடு நாலு உடைஞ்சு தண்ணி அடுப்பு மேலயே கொட்டுச்சு, ஆளைப் புடிச்சு மாத்தியாச்சு. ஜெஸ்ஸிக்கு ஓமலூர்ப் பக்கமிருந்து ஒரு எடம் வந்துச்சு, பையன் பேங்குல இருக்கான், நல்ல குடும்பம்னாங்க, இவ வேண்டான்னுட்டா. என்னடின்னு கேட்டா போன்ல மொதல் வார்த்தையே கறிக்கொழம்பு வெக்கத் தெரியுமான்னு கேட்டானாம். போகட்டும் கழுதைன்னு நானும் விட்டுட்டேன். நீ விடியக்காலம் பஸ் எடுக்கற நாள்ல வெறும் வயித்தோட போகாதே, ரெண்டு ரொட்டியாவது தின்னுட்டுப் போ, அப்பாவுக்கு வயித்துப்புண்ணு அப்படித்தான் வந்துச்சு. நீ ஆக்லாந்துல பஸ் ஓட்டறேங்கறதை இன்னும் நம்ம பங்குக் கோயில்ல பாதிப்பேர் நம்பல. லாரிக்காரர் தோமினிக்கோட மக வேறென்னத்தை ஓட்டுவான்னு நான் சொல்லிட்டு வாரேன்.

இனி வண்டி விசயம். அப்பாவோட பழைய லாரி, அந்த மூக்கு நீட்டின வண்டி, நாமக்கல்ல ஈஸ்வர் பட்டறையில பாதி வேலை முடிஞ்சு நிக்குது. தகரத்தையெல்லாம் தட்டி நேராக்கி, துருவைச் சுரண்டி, செங்காவிக் கலர்ல மொதல் பூச்சு அடிச்சிருக்காங்க. ரெண்டு கதவையும் கழட்டி பெஞ்சு மேல போட்டுட்டு ஈஸ்வர் என்னை வரச் சொன்னான், கண்ணாடிக்கு ஒரு முடிவு சொல்லுங்கக்கான்னு. கதவுக் கண்ணாடிக்கு முன்னால தனியா ஒரு முக்கோணம் இருக்குமே, திருப்பி விட்டா ஓடற காத்தெல்லாம் மூஞ்சியில வந்து அடிக்குமே, நீ சின்னதுல அப்பா மடியில உக்காந்து திருப்பித் திருப்பி அதோட கொக்கியை ஒடைச்சியே, அதுதான். பழைய சட்டத்தைச் சரி பண்ணி நீ அனுப்பி வெச்ச ரப்பரைப் போட்டு அதையே திரும்ப மாட்டலாம், இல்லைன்னா நடுக்கம்பியை அறுத்து எடுத்துட்டு கதவு முழுக்க ஒரே கண்ணாடியா போட்டுறலாம்னான். முக்கோணம்னா மழைக்கு ஒழுகும், வேகம் புடிச்சா விசிலடிக்கும், ஆனாலும் இந்த மாடலுக்கு அதுதானுங்க லட்சணம், அதை எடுத்துட்டா பழைய வண்டிக் கண்காட்சியில ஒருத்தனும் திரும்பிப் பாக்க மாட்டான்னான். நீயும்தான் படத்துல அம்புக்குறி போட்டு அனுப்பியிருந்தே, அப்பா வெச்சிருந்த மாதிரியே இருக்கோணும், ஒரு திருகாணி கூட மாறக்கூடாதுன்னு. அக்டோபர்ல அப்பாவோட வருசப் பூசைக்கு நீயே அதை ஓட்டிக்கிட்டுக் கோயிலுக்கு வரணும்கற உன் ஆசை எனக்குத் தெரியும் கண்ணு.

நான் சரின்னுதான் சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள ஈஸ்வர் டிரைவர் பக்கத்து முக்கோணத்தைத் தூக்கி வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துட்டு, இதுல என்னமோ ஒட்டியிருந்தீங்களாக்கா, பசை இன்னும் நிக்குது, பிளேடு போட்டுச் சுரண்டின கீறல் வேற இருக்குதுன்னான். ஒண்ணுமில்லப்பா, ஒத்தைக் கண்ணாடியே போட்டுரு, இந்த முக்கோணத்தை எடைக்குப் போட்டுருன்னு சொல்லிட்டு, அவன் குடுத்த டீயைக் கூடக் குடிக்காம பஸ் ஏறிட்டேன். ராசிபுரம் வரைக்கும் ஒண்ணும் தோணல. அப்பறந்தான் தோணுச்சு, பத்தொம்பது வருசத்துக்கு முன்னால செஞ்சதையேதான் இன்னைக்கும் செஞ்சுட்டு வாரேன்னு. ஊட்டுக்கு வந்ததும் ஈஸ்வருக்குப் போன் பண்ணி, அதை எறிஞ்சிராதே, நான் வந்து வாங்கிக்கறேன்னு சொல்லி நிறுத்தி வெச்சேன்.

இனிமேல் எழுதறதை நிதானமாப் படி சாமி. இந்தப் பக்கம் ஓடற லாரியை எல்லாம் நீ பாத்திருக்கே, அந்த முக்கோணத்துல முருகன் இருப்பாரு, இல்லைன்னா பிறை நட்சத்திரம் இருக்கும், நம்ம சனத்து வண்டின்னா மாதா இருப்பாங்க. பெரிய கண்ணாடியில ஒட்டினா ரோடு மறைக்கும்னு அப்பா ஒட்ட விடமாட்டாரு. அந்த முக்கோணம் சும்மாதானே கெடக்குதுன்னு வேளாங்கண்ணியில வாங்கியாந்த மாதா படத்தை நான்தான் ஒட்டினேன், கண்ணாடி பூராவும் அடைக்கற அளவு படம். அப்பா ரெண்டு நாள் முனகினாரு, அந்த மூலையில ஒண்ணும் தெரியலைன்னாரு. மாதாவை எடுக்கறதான்னு நான்தான் வாயை அடைச்சேன். அதுக்கு மூணாவது மாசம்தான் புதுச்சத்திரத்துல அது நடந்துச்சு. மக்காச்சோள மூட்டை ஏத்திக்கிட்டு வந்து, தீவன மில்லுக்குப் போற ரோட்டுல வலது பக்கமா மெதுவாத்தான் வண்டியைத் திருப்பியிருக்காரு. அந்த ரோட்டு முனையைக் கலைமணிங்கற பொண்ணு கடந்துக்கிட்டிருந்திருக்கா, முட்டைப்பண்ணை வேலைக்குப் போற பொண்ணு, இருபத்திரெண்டு வயசு. வண்டி திரும்பத் திரும்ப, அவ நடக்க நடக்க, அந்த மூலையிலயேதான் இருந்திருக்கா. ஓடியிருந்தா அந்த மூலையை விட்டு வெளிய வந்து அப்பா கண்ணுல பட்டிருப்பா. நீயும் பெரிய வண்டி ஓட்டறவ, இது எப்படி நடக்கும்னு உனக்கு நான் சொல்லவேண்டியதில்ல. சக்கரத்துல தட்டற வரைக்கும் அப்பாவுக்குத் தெரியல.

போலீஸ் ஸ்டேசன்ல நான் போய்ப் பாத்தப்ப அப்பா எம்பேரைச் சொல்லி ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. "மாதாவுக்குப் பின்னாடிதான் அந்தப் பொண்ணு இருந்திருக்குது, ஆரோக்கியம்." மறுநாள் பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து வண்டியைப் பாக்கப் போறாங்கன்னு ஸ்டேசன்ல பேசிக்கிட்டாங்க. வண்டி வெளியிலதான் வேலியோரம் நின்னுச்சு. நான் எதிர்க்கடையில ஒரு பிளேடு வாங்கிட்டு வந்து, அப்பாவோட துணியை எடுக்கறேன்னு கேபின்ல ஏறி, மாதாவைச் சுரண்டி எடுத்தேன். மொகம் கிழிஞ்சு கிழிஞ்சு வந்துச்சு. அழுதுகிட்டே சுரண்டினதைப் பாத்த போலீஸ்காரர் ஒருத்தர், பாவம் இந்தம்மான்னு அக்கட்டால போயிட்டாரு. கிழிச்சதை முந்தானையில முடிஞ்சு கொண்டாந்து அடுப்புல போட்டேன். டீக்கடைக்காரங்க யாரோ பொண்ணு ஓடிவந்து உழுந்திருக்கும்னு சொன்னாங்க, அதைக் கண்ணால பாத்தவங்க ஒருத்தரும் இல்ல. கோர்ட்டுல அதையே சொல்லுங்கன்னு அப்பாகிட்ட நான்தான் நின்னேன். மாட்டேன்னாரு. ரெண்டு பொட்டப்புள்ளைங்களையும் கையில புடிச்சுக்கிட்டு நான் எங்க போவேன்னு கேட்டேன். அப்பறம் சொன்னாரு. விடுதலையாயிட்டாரு. பள்ளிக்கூடத்துல ஒருத்தி கொலைகார லாரிக்காரன் மகள்னு சொன்னதுக்கு, எங்கப்பா மேல தப்பில்ல, அந்தப் பொண்ணுதான் ஓடி வந்துச்சுன்னு அவ மண்டையில சிலேட்டால அடிச்சுட்டு வந்தியே, நினைவிருக்குதா? அன்னைக்கு அப்பா சோறு திங்கல. நீ பரீட்சையில மார்க்கு கொறைஞ்சதுக்குன்னு நினைச்சுக்கிட்டே.

அப்பா அந்த வண்டியை ஆசைக்கு வெச்சிருந்தாருன்னு நீ எல்லாருகிட்டயும் சொல்லிட்டு வாரே. ஆசையில்ல சாமி. கோர்ட்டு விட்டதும் ஓட்டிக்கிட்டு வந்து கொட்டாயில நிறுத்தினவரு அதுக்கப்பறம் அதுல ஏறவே இல்ல, கடைசி வரைக்கும் அடுத்தவங்க வண்டியைத்தான் ஓட்டினாரு. விக்கறதுக்கும் மனசு வரல, ஒடைக்கறதுக்கும் மனசு வரல. நான் சுரண்டின கண்ணாடியை அவரு பாத்தாரு, எனக்குத் தெரியும். ஆனா சாகற வரைக்கும் ஏன்டி அப்படிச் செஞ்சேன்னு ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன். ஒரே ஊட்டுல, ஒரே சோத்தைத் தின்னுக்கிட்டு, ரெண்டு பேரும் அதைப் பேசாமயே இருந்து முடிச்சிட்டோம். அவரைப் பொதைக்கறப்ப எனக்கு வந்த அழுகையில பாதி அதுக்குத்தான்.

போன செவ்வாக்கிழமை புதுச்சத்திரம் போனேன். ஜெஸ்ஸிகிட்ட ஆஸ்பத்திரிக்குன்னு பொய் சொல்லிட்டுப் போனேன். கலைமணியோட அம்மா அங்கம்மாள் இன்னும் அதே ஊட்டுலதான் இருக்காங்க, ஒத்தையில, வாசல்ல உக்காந்து கடலைக்காய் உரிச்சுக்கிட்டிருந்தாங்க. யாருங்கன்னாங்க. இன்னாருன்னு சொன்னேன். உக்காருங்கன்னு சொல்லல, போங்கன்னும் சொல்லல. நான் நின்னுக்கிட்டே, இப்ப உனக்கு எழுதினதை எல்லாம் அதே வரிசையில சொன்னேன், மாதாவை ஒட்டினது, சுரண்டினது, கோர்ட்டுல சொல்ல வெச்சது. திட்டுவாங்க, வெளக்குமாத்தை எடுப்பாங்கன்னு நினைச்சுத்தான் போனேன், அதுக்குத் தயாராத்தான் நின்னேன். அவங்க கையில இருந்த கடலையை மொறத்துல போட்டுட்டு, "அப்ப எம்புள்ள ஓடலீங்களா?"ன்னு கேட்டாங்க. ஓடலீங்க, நடந்துதான் வந்திருக்காங்கன்னு சொன்னேன். திரும்பவும் கேட்டாங்க. திரும்பவும் சொன்னேன்.

அப்பறந்தான் கண்ணு அவங்க சொன்னாங்க. அன்னைக்குக் காலையில அந்தப் பொண்ணு தலைவலின்னு நேரங்கழிச்சு எந்திரிச்சுதாம். பண்ணை வேன் போயிரும், ஓடுடி ஓடுடின்னு இவங்கதான் வாசல் வரைக்கும் வெரட்டி உட்டாங்களாம். கோர்ட்டுல ஓடிவந்துச்சுன்னு சொன்னதும், நான் வெரட்டினதுனாலதான் எம்புள்ள ஓடிச்சுன்னு நினைச்சுக்கிட்டாங்களாம். பத்தொம்பது வருசம். அந்தப் பொண்ணோட அப்பாவும் சாகற வரைக்கும் அதையே சொல்லிச் சொல்லி இவங்களை அடிச்சிருக்காரு. நான் ஒரு உசுருக்குத்தான் கணக்குச் சொல்லோணும்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். நான் சொல்ல வெச்ச அந்த ஒரு வார்த்தை இந்த ஊட்டுக்குள்ள என்ன பண்ணிட்டிருந்துச்சுன்னு எனக்குத் தெரியவே தெரியாது. கால்ல உழப் போனேன். தொடாதீங்கன்னாங்க. இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் எந்திரிச்சு உக்காந்திருப்பேனுங்களேன்னு சொல்லிட்டு, இனி இந்த வாசப்படி மிதிக்காதீங்கன்னு உள்ள போய்க் கதவைச் சாத்திட்டாங்க. கொஞ்ச நேரம் நின்னு பாத்தேன், திறக்கல. பஸ் வந்ததும் ஏறிட்டேன்.

வண்டிக்கு ஒத்தைக் கண்ணாடியே போடச் சொல்லிட்டேன். நீ அனுப்பின ரப்பர் வீணாப் போச்சேன்னு எம்மேல கோவிக்காதே. நாளைக்கு நீ அந்த சீட்டுல உக்காந்து வலது பக்கம் திருப்பறப்ப ஒரு கம்பியும் குறுக்க நிக்கக்கூடாது, கண்காட்சியில எவனும் மதிக்காட்டியும் போகுது. பழைய முக்கோணத்தை வாங்கியாந்து என் பீரோவுல, சேலைக்கு அடியில, பசையும் கீறலுமா அப்படியே வெச்சிருக்கேன், தொடைக்கல. நீ வந்து பாக்கோணும், ஜெஸ்ஸிக்கும் நீ பக்கத்துல இருக்கறப்பத்தான் சொல்வேன். இதையெல்லாம் படிச்சதுக்கப்பறம் அந்த வண்டியை ஓட்டவே பிடிக்கலைன்னாலும் சொல்லிரு, ஈஸ்வர்கிட்ட நான் பேசிக்கறேன். அப்பாவை வெறுத்துராதே. பொய்யை அவரு வாயில வெச்சவ நான். என்னை என்ன வேணா நினைச்சுக்கோ, ஆனா வருசப் பூசைக்கு வராம இருந்துராதே. வர்றப்ப பாப்பாவுக்குப் பழகின மருந்தையெல்லாம் மறக்காம எடுத்துக்கோ, இங்க கொசு சாஸ்தி. மாப்பிள்ளைக்கு முறுக்கு சொல்லி வெச்சிருக்கேன்.

சேசு, மரி, சூசை உங்க மூணு பேரையும் கூடவே இருந்து காக்கட்டும், நீ ஓட்டற பஸ்ஸுக்கு முன்னால நடந்து போற ஒவ்வொரு சீவனையும் காக்கட்டும். கடைசியா ஒண்ணே ஒண்ணு, இதை மட்டும் மறந்துராதே. இனிமேல் யாரு கேட்டாலும் அந்தப் பொண்ணு ஓடி வந்துச்சுன்னு சொல்லாதே. கலைமணி ஓடல. நடந்துதான் வந்தா.

இப்படிக்கு
உன் அம்மா
தோ. ஆரோக்கியம்