ஒண்ணு, ரெண்டு, தள்ளு

வெள்ளிக்கிழமை மாலை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் நலம். உன் நலத்தை இன்று மதியம் டிவியில் பதின்மூன்றரை நொடி பார்த்துக்கொண்டோம்.

போட்டி முடியும்வரை உன் ஃபோன் கோச்சிடம் இருக்கும், கடிதமாக எழுதி மெயிலில் அனுப்பினால் மசாஜ் செய்கிற அண்ணா அச்செடுத்துக் கொடுப்பார் என்று அம்மாவிடம் சொன்னாயாம். அந்த அண்ணா படித்துவிட்டுத்தான் கொடுப்பார் என்று நினைத்தாலே எனக்குக் கை ஓடவில்லை. ஆனாலும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, எழுதிட்டியா, எழுதிட்டியா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அதனால் எழுதுகிறேன்.

ஆண்கள் நூற்றுப் பத்து மீட்டர் தடை ஓட்டம், முதல் சுற்று என்று திரையில் எழுத்து வந்ததும் வீடு நிறைந்துவிட்டது. அப்பா பெயிண்ட் வேலையைப் பாதியில் விட்டு, கையில் வெள்ளைப் புள்ளிகளோடு வந்து உட்கார்ந்தார். எதிர்வீட்டம்மா தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். எட்டுப் பேரோட சேர்ந்து எதுக்கு ஓடறான், தனியா ஓட விட்டா முதல்ல வந்துடுவானே என்று கேட்டார். அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார். நீ ஒவ்வொரு தடையாகத் தாண்டும்போதும் அம்மா உட்கார்ந்தபடியே தன் காலைத் தூக்கினாள். பத்தாவது தடைக்குத் தண்ணீர்ச் செம்பை உதைத்துவிட்டாள். ஈரத்தைத் துடைத்தது நான். நீ மூன்றாவதாக வந்து அரையிறுதிக்குப் போனதை நான் குனிந்தபடிதான் கேட்டேன்.

என் செய்தி என்று ஒன்றும் பெரிதாக இல்லை. அச்சகத்தில் என்னை நிரந்தரம் செய்துவிட்டார்கள். இப்போது ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்துக்குப் பிழை திருத்துகிறேன். ‘இதயம் ஒரு தலை’ என்று வந்திருந்ததைப் பிடித்தேன். ‘தசை’ என்று இருக்க வேண்டும். மேலாளர் பாராட்டினார். வீட்டில் சொன்னேன். சரி, அவனுக்கு அங்க தயிர் கிடைக்குமா என்று அம்மா கேட்டாள்.

என் பட்டமளிப்பு விழாவும் நீ தேர்வான நாளும் ஒன்றாகவே வந்ததை நீ கவனித்தாயா என்று தெரியவில்லை. வாடகைக்கு எடுத்த கறுப்பு அங்கியில் தனியாகப் போய்ப் பட்டம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தேன். செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா என் வாயில் இனிப்பைத் திணித்தாள். நம் வீட்டில் முதல் பட்டம், எனக்குத்தான் என்று நினைத்து ஆசையாக மென்றேன். பாதி விழுங்கிய பிறகுதான், தம்பி செலக்ட் ஆயிட்டான்டி என்றாள். மீதியை என்ன செய்வது? அதையும் விழுங்கினேன்.

பட்டத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினோம். ஒன்பது நாள் இருந்தது. பிறகு உன் படம் வந்தது. அந்தச் சுவரில் காரை உதிர்கிறது, ஒரு ஆணிதான் தாங்கும் என்று அப்பா சொன்னார். சுவரைப் பற்றி அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். என் பட்டம் இப்போது அலமாரியின் மேல், பெட்டிக்குப் பின்னால் நிற்கிறது. தூசி படாது என்கிறாள் அம்மா.

கிளம்புமுன் நீ கொடுத்த பேட்டியை நான்கு முறை பார்த்தேன். கோச்சுக்கு நன்றி. அப்பா அம்மாவுக்கு நன்றி. மசாஜ் அண்ணாவுக்கு நன்றி. சின்ன வயசில் என்னைத் துரத்தித் துரத்தி ஓட வைத்த எதிர்வீட்டு நாய்க்கும் நன்றி என்று சொல்லிச் சிரித்தாய். எதிர்வீட்டம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. செத்துப்போன நாயின் படத்தைத் தேடி எடுத்து ஃபோனில் வைத்திருக்கிறார். நாய் உன்னைத் துரத்தியது இரண்டு முறை. நான் எண்ணியது நான்கு வருடம். சும்மா சொல்கிறேன்.

உன் பக்கத்தில் கையில் டேப்லெட்டோடு நின்ற பெண்ணைக் காட்டி, இவங்கதான் என் ஒவ்வொரு ஸ்டெப்பையும் எண்ணுவாங்க, இவங்க இல்லாம எனக்கு ரிதமே இல்ல என்றாய். நல்ல பெண்ணாகத் தெரிகிறாள். முடியை உயரத் தூக்கிக் கட்டியிருக்கிறாள். அவ்வளவு உயரம் வேண்டாம்.

இன்று ஏழாவது தடையில் உன் பின்னங்கால் முட்டி தட்டியது. களைப்பு என்று வர்ணனை செய்தவர் சொன்னார். டேப்லெட்காரியும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். படித்தவர்கள், பார்த்துக்கொள்வார்கள். நான் சொல்ல என்ன இருக்கிறது?

நன்றாகத் தூங்கு. அம்மா தயிர் சாப்பிடச் சொன்னாள்.

இப்படிக்கு,
வீட்டிலிருந்து அக்கா


ஞாயிற்றுக்கிழமை காலை, ஆறரை மணி

மசாஜ் அண்ணாவுக்கு: வணக்கம். இதை முழுவதும் படித்தாலும் பரவாயில்லை, சிரித்தாலும் பரவாயில்லை. ஆனால் தம்பி மைதானத்துக்குக் கிளம்புமுன் அவன் கையில் கொடுத்துவிடுங்கள். அங்கே இப்போது நண்பகல் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். தயவுசெய்து.

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று அரையிறுதியிலும் அதே ஏழாவது தடை. இந்த முறை நீ இடப்பக்கம் சாய்ந்து, உன் முழங்கை பக்கத்துத் தடத்தில் ஓடியவரின் கையில் பட்டது. மூன்றாவதாக வந்தாய். எல்லோர் பெயருக்கு நேராகவும் நேரம் வந்தது, உன் பெயருக்கு நேராக மட்டும் ஒன்றும் வரவில்லை. அடுத்த தடத்துக்குள் போனானா என்று நடுவர்கள் பார்க்கிறார்கள் என்றார்கள். பதினோரு நிமிடம். அம்மா சாமி பெயர் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். அப்பா கையில் காய்ந்திருந்த பெயிண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தார். பிறகு நேரம் வந்தது. நேரடியாகத் தகுதி பெறாதவர்களில் வேகமான இரண்டு பேரில் ஒருவனாக நீயும் இறுதிக்குப் போனாய்.

தம்பி, அந்தப் பதினோரு நிமிடத்தில் முதல் அரை நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதை உன்னிடம் சொல்லாமல் இன்றைக்கு வேறு எதையும் எழுத முடியாது. அரை நிமிடம்தான். பிறகு அப்பாவின் நகத்தைப் பார்த்தேன்.

நீ ஏழாவதில் தட்டுவது களைப்பால் இல்லை. அது எனக்கு முதல் நாளே தெரியும். வெள்ளிக்கிழமை கடிதத்தில் தெரியாதவள் மாதிரி எழுதினேன். பிழையைக் கண்ணால் பார்த்துவிட்டு வட்டம் போடாமல் பக்கத்தைத் திருப்புவது எங்கள் வேலையில் மிகப் பெரிய குற்றம். அதைத் தெரிந்தே செய்தேன்.

நம் வீட்டுச் சந்தில் ஓடியதை நினைத்துப் பார். எனக்குப் பதினாலு, உனக்குப் பதினொன்று. அப்பாவின் காலி பெயிண்ட் டப்பாக்களை இரண்டிரண்டாக வைத்து, மேலே கம்பு போட்டுத் தடை கட்டினோம். முதலில் தாண்டியது நான். நான்காவது கம்புவரை உன்னைவிட நான்தான் வேகம். அதை நீ மறந்திருப்பாய். ஜன்னலில் ஆட்கள் பார்க்கிறார்கள் என்று எனக்குக் கூச்சம் வந்தது. யாரும் என்னை நிறுத்தவில்லை, நானே நின்றுகொண்டேன். கேட்டருகே நின்று கைதட்டி எண்ணுகிறவளாக ஆனேன். தடைக்கும் தடைக்கும் நடுவே மூன்று காலடி. ஒண்ணு, ரெண்டு, மூணு. தாண்டு. ஒண்ணு, ரெண்டு, மூணு. தாண்டு.

அப்பாவின் அளவு நாடாவால் அளந்து, சுவரின் அடியில் நீல எனாமலில் கோடு போட்டதும் நான்தான். ஏழாவது கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் அந்தச் சாக்கடை மூடி. குழாய்க்குத் தோண்டியவர்கள் சரியாக மூடாமல் போனது. மிதித்தால் டடக் என்று ஆடும். ஒரு நாள் நீ எழும்புகிற அடி சரியாக அதன்மேல் விழுந்து, கால் பிசகிப் பத்து நாள் நொண்டினாய். எல்லாக் கோட்டையும் ரெண்டடி பின்னால தள்ளிப் போடேன்மா என்று அப்பா அன்றைக்கே சொன்னார். நான் கேட்கவில்லை. அவ்வளவு அழகாகப் போட்ட கோட்டை அழிக்க எனக்கு மனசு வரவில்லை. கோட்டை மாற்றுவதற்குப் பதில் எண்ணிக்கையை மாற்றினேன். ஏழாவதுக்கு முன்னால் மட்டும் மூணு என்று சொல்ல மாட்டேன். ஒண்ணு, ரெண்டு, தள்ளு. நீ உடனே இடப்பக்கம் ஒரு சாண் தள்ளிக் கால் வைத்துத் தாண்டுவாய்.

நான்கு வருடம், நாள் தவறாமல், ஏழாவதுக்கு முன்னால் தள்ளு. பிறகு நீ விளையாட்டு விடுதிக்குப் போனாய். கோச் முதல் தடைவரை உன் ஓட்டத்தை எட்டுக் காலடியிலிருந்து ஏழாக்கினார். கை வீச்சை மாற்றினார், தலை நிலையை மாற்றினார், நடையைக்கூட மாற்றிவிட்டார். அந்த ஒரு சாண் மட்டும் உன் காலுக்குள்ளேயே தங்கிவிட்டது. மெதுவாக ஓடும்போது தெரிவதில்லை. உயிரைக் கொடுத்து ஓடும்போது உன் கால் யார் பேச்சையும் கேட்காமல் என் பேச்சைக் கேட்கிறது.

வெள்ளிக்கிழமை அதைப் பார்த்தபோது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? பேட்டியில் நான் இல்லை. ஆணியில் நான் இல்லை. உன் ஓட்டத்தில் மட்டும் ஒரு சாண் அளவு நான் இருக்கிறேன் என்று இருந்தது. சொன்னால் நீ அதையும் திருத்திக்கொள்வாய். அந்த டேப்லெட் பெண் திருத்திக் கொடுப்பாள். அப்புறம் எனக்கென்று உன்னிடம் எதுவுமே இருக்காது. அதனால்தான் சொல்லவில்லை. என்னிடம் மிஞ்சியிருந்தது ஒரு பிழை. அதையும் விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

நேற்று ஓட்டம் முடிந்து மூச்சு வாங்கியபடி நீ பேசியதைக் கேட்டேன். ஆறாவதுக்குப் பிறகு இன்னும் பலமாக ஓடச் சொல்லியிருக்கிறார் கோச் என்றாய். பலமாக ஓடினால் பலமாகத்தான் இடப்பக்கம் போவாய். இன்றைக்கு உன் இடப்பக்கத் தடத்தில் இருப்பவர் நேற்றைய ஆளைவிட அகலம். நடுவர்கள் நேற்று விட்டார்கள், இன்றைக்கும் விடுவார்கள் என்று இல்லை.

இன்று காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்து அப்பாவின் டப்பாக்களைச் சந்துக்கு எடுத்துப் போனேன். அப்பா வாசலுக்கு வந்து பார்த்தார். எதுக்கு என்று கேட்கவில்லை. அதுல ரெண்டு நிறைஞ்ச டப்பாம்மா, பாத்து எடு என்று மட்டும் சொன்னார். பிறகு அவரே காலி டப்பாக்களைக் கொண்டுவந்து கொடுத்தார். நீலக் கோடுகள் அப்படியே இருக்கின்றன. ஏழு தடை கட்டினேன். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கேட்டிலிருந்து ஓடினேன்.

எதிர்வீட்டம்மா குழாயடியில் குடத்தை அப்படியே விட்டுவிட்டு, என்னடி, பஸ்ஸை விட்டுட்டியா என்று கத்தினார். மூன்றாவது கம்பைத் தட்டிவிட்டேன். ஐந்தாவதில் மூச்சு முட்டியது. ஆறாவது தாண்டியதும் என் காலும் இடப்பக்கம்தான் இழுத்தது, தம்பி. நான் சொல்லிச் சொல்லி எனக்கே ஊறிப்போயிருக்கிறது. அதனால் வாய்விட்டு எண்ணினேன். தெருவே கேட்கிற மாதிரி எண்ணினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. அந்த மூணு நேராக மூடியின்மேல் விழுந்தது.

அது ஆடவில்லை. சத்தமே வரவில்லை. எப்போதோ சிமெண்ட் வைத்துப் பூசிவிட்டார்கள். தினம் அதன்மேல் நடந்துதான் வேலைக்குப் போகிறேன், இன்றைக்குத்தான் கவனிக்கிறேன். தாண்டிய பிறகு திரும்பி வந்து இரண்டு காலாலும் அதன்மேல் குதித்துப் பார்த்தேன். ஐந்து முறை. பாறை மாதிரி இருக்கிறது.

பொறாமை போய்விட்டதா என்று கேட்காதே. போகவில்லை. நீ ஜெயித்தால் அம்மா மறுபடி என் வாயில் இனிப்பைத் திணிப்பாள், நான் மறுபடி பாதியில் நிறுத்தி யோசிப்பேன். பேட்டியில் என்னைச் சொல்ல வேண்டாம். நாய்க்கு அடுத்ததாகச் சொல்வதானால் கண்டிப்பாக வேண்டாம். அந்தப் பெண்ணிடம் மட்டும் இந்தக் கடிதத்தைக் காட்டு. ஓட்டத்துக்கு முன்னால் பயிற்சிப் பாதையில் ஏழாவதுக்கு நேராக உன்னை இரண்டு முறை ஓட வைத்து, அவள் சத்தமாக எண்ணட்டும். அவள் குரலில் இருந்தாலும் பரவாயில்லை.

அப்படியும் ஆறாவது தாண்டியதும் என் குரல்தான் உனக்குக் கேட்டால், நன்றாகக் கேள். நான் இப்போது மூணு என்றுதான் சொல்கிறேன். நான் மிதித்துப் பார்த்துவிட்டேன், ஆடாது. பயப்படாமல் மிதி. நேராகப் போ, கண்ணா. நன்றாயிரு.

இப்படிக்கு,
உன்னோடு எண்ணிக்கொண்டிருக்கும்
அக்கா