அத்தையின் முக்காலி

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுவது. உங்கள் கடிதம் திங்கட்கிழமையே வந்துவிட்டது. அன்றே பதில் எழுதியிருந்தால் வார்த்தை தடித்திருக்கும். அதனால் நான்கு நாள் தள்ளிப்போட்டேன்.

முழங்கால் வலி தேவலையா? நான் வேலை செய்யும் மருந்துக்கடையில் விசாரித்தேன். அந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போடவே கூடாதாம். நீங்கள் காலையில் எழுந்ததும் போடுவதாக எழுதியிருந்தீர்கள். இனிமேல் சாப்பிட்ட பிறகு போடுங்கள்.

பாப்புவுக்கு மேல்பல் இரண்டு விழுந்துவிட்டன. பேசினால் பாதி காற்றாகத்தான் வருகிறது. ஆனாலும் வாய் ஓயவில்லை. இரண்டு மாதமாகத்தான் இப்படி ஓயாமல் பேசுகிறாள்.

நான் கோபத்தில் அத்தையின் முக்காலியைப் போட்டு உடைத்துவிட்டதாக நீங்கள் கேள்விப்பட்டதாய் எழுதியிருந்தீர்கள். அம்மாவின் பொருள் அருமை தெரியாதவளிடம் இருக்க வேண்டாம், பார்சலில் போட்டு அனுப்பிவிடு என்றீர்கள். உங்கள் தம்பி உங்கள் வீட்டில் வாடிக் கிடப்பதாகவும், முதல் தேதி கிளம்பி வருவதாகவும், பழசை மறந்து கதவைத் திறக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தீர்கள்.

முதலில் முக்காலி. அது உடைந்தது இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். பாப்பு அதன்மேல் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். உங்கள் தம்பி போன் சார்ஜரைத் தேடினார். நான் அடுப்படியிலிருந்தே, “உங்க பையில பாருங்க” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். பாப்புவை எழுந்திருக்கச் சொன்னார். அவளும் எழுந்து நின்றாள். என் மேல் எறியத்தான் முக்காலியைத் தூக்குகிறார் என்று அவர் கை மேலே போகும்வரை எனக்கு உறைக்கவில்லை. என் காதுக்கு நான்கு விரல்கடை தள்ளி, நிலைக்காலில் அடித்து விழுந்தது. சார்ஜர் அவர் பையில்தான் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அன்றைக்கே உங்கள் வீட்டுக்கு ரயிலேறினார்.

பலகை நடுவில் பிளந்து, ஒரு கால் ஆடியது. ஒரு வாரம் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அது இல்லாமல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மேல் அலமாரியில் இருப்பதை எடுக்க வேண்டுமானால் அதுதான் ஏணி, துணி தைக்க உட்கார்ந்தால் அதுதான் இருக்கை, பாப்பு வீட்டுப்பாடம் எழுத உட்காருவதும் அதில்தான். கடைக்குப் போகும் வழியில் தச்சரிடம் தூக்கிக்கொண்டு போனேன். ரம்பம் போடும் சத்தத்திலேயே காது மந்தமாகிப்போன மனிதர். எதையும் கத்தித்தான் சொல்வார். எப்படி உடைந்தது என்று கேட்டார். கீழே விழுந்துவிட்டது என்றேன். “கீழ விழுந்தா இப்படிப் பிளக்காதும்மா, இது வீசினது” என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். எதிர்க்கடைக்காரர் தலையைத் திருப்பிப் பார்த்தார். எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

அப்புறம் அதைக் கவிழ்த்து, அடியில் இருந்த பழைய சாயத்தை உளியால் சுரண்டினார். சுரண்டிக்கொண்டே வந்தவர் கையை நிறுத்தினார். அவரும் மெல்லப் பேசுவார் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். “இது முன்னயே ஒரு தடவை பிளந்திருக்கும்மா” என்றார். முன்பு பிளந்த இடத்தில் மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்து, இரண்டு இரும்புப் பட்டை வைத்து ஆணி அடித்து, மேலே சாயம் பூசி மறைத்திருக்கிறார்கள். ஆணியின் துருவைப் பார்த்து முப்பது நாற்பது வருஷம் இருக்கும் என்றார். அதுவும் விழுந்து உடைந்ததில்லையாம்.

அண்ணி, முப்பது நாற்பது வருஷத்துக்கு முன் நான் அந்த வீட்டில் இல்லை. உங்கள் தம்பி கைக்குழந்தை. நீங்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தீர்கள். அத்தையின் இடது புருவத்தில் இருந்த வெட்டுத் தழும்பு கொடிக்கம்பி கிழித்தது என்று அத்தையே என்னிடம் சொன்னார். நானும் நம்பினேன். உங்களிடம் என்ன சொன்னார் என்று நான் கேட்கப்போவதில்லை.

அத்தை கடைசி நான்கு வருஷம் எங்களோடு இருந்தார். உங்கள் தம்பி குரல் உயர்ந்தால் பாப்புவைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவார். எல்லாம் அடங்கிய பிறகு இறங்கி வந்து, “அவன் கோபம் பால் பொங்கற மாதிரிம்மா, தானா அடங்கிடும்” என்பார். அடுப்பைத் துடைப்பது யார் என்று அவரிடம் கேட்க எனக்கு மனம் வந்ததில்லை. இறந்தவரைக் குறை சொல்ல எழுதவில்லை. அவருக்கும் போக ஒரு மொட்டைமாடிதான் இருந்தது.

தச்சர் பழைய அடைப்பு முழுவதையும் தோண்டி எடுத்தார். பசை போட்டு, இறுக்கிக் கட்டி, இரண்டு நாள் அப்படியே வைத்தார். அடியில் குறுக்காகப் புதிய சட்டம் கொடுத்துத் திருகாணி போட்டார். சாயம் பூசி மறைத்துத் தரட்டுமா என்று கேட்டார். ஏறி நின்றால் தாங்க வேண்டும், அது போதும் என்றேன். அவரே ஏறி நின்று குதித்துக் காட்டினார். கனமான மனிதர், நான்தான் இரண்டடி தள்ளி நின்றேன். ஒன்றும் ஆகவில்லை.

பாப்பு முதலில் அதில் உட்கார மாட்டேன் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, “நான் எழுந்ததாலதானம்மா அப்பா தூக்கினாரு” என்றாள். ஏழு வயதுப் பிள்ளை இதை மனதுக்குள் வைத்துக்கொண்டு எத்தனை நாள் தின்று தூங்கி எழுந்திருக்கிறது பாருங்கள். அவளை மடியில் வைத்துக்கொண்டு நானே அதில் உட்கார்ந்தேன். இப்போது தனியாக உட்கார்ந்து எழுதுகிறாள்.

ஆகவே முக்காலியை அனுப்ப முடியாது. உங்கள் வீட்டுக் கூடத்தில் அதைத் துடைத்து அழகாக வைப்பீர்கள் என்று தெரியும். இங்கே அதற்கு வேலை இருக்கிறது. அம்மாவின் பொருளைக் காண வேண்டும் என்றிருந்தால் தனியாகப் புறப்பட்டு வாருங்கள். எத்தனை நாள் வேண்டுமானாலும் இருங்கள். முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறேன்.

கதவுக்குப் புதுப் பூட்டு போட்டாயிற்று. முதல் தேதியன்று அது திறக்காது.

பெரியவர்களுக்கு எழுதினால் ஆசி கேட்டு முடிக்க வேண்டும். எனக்கு ஆசி வேண்டாம், ஒரு உதவி செய்யுங்கள். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறாள் என்று உங்கள் தம்பி கேட்பார். இதைப் படிக்கக் கொடுக்காதீர்கள். “நீ செஞ்சது தப்புடா, அங்க போகாதே” என்று நீங்களே சொல்லுங்கள். நான் சொல்லி அவர் கேட்டதில்லை. அத்தை அவரிடம் சொன்னதே இல்லை. நீங்கள் அவருக்கு மூத்தவர், தூக்கி வளர்த்தவர். அந்த வீட்டில் யாருமே சொல்லாததை ஒரு தடவை உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள், அண்ணி.

இப்படிக்கு,
பாப்புவின் அம்மா