ஊருக்குப் போன கணினிகள்

தீபாவளிக்கு நாளை சொந்த ஊர் தைப்பிங்குக்குப் போகிறோம். பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தேன். கணினியின் பிளக்கைப் பிடுங்கப் போன கை நின்றுவிட்டது. பிடுங்கினால் ஒன்றும் ஆகாது, தெரியும். தோழி, உன் சிரிப்பு நினைவுக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். போனபிறகும் நீ என்னைக் கிண்டல் செய்வதை விடவில்லை.

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்காக நீயும் ஆசிரியர்களும் சொல்லிப் பதிவு செய்த கதைகளை எல்லாரும் பகிர்ந்துகொள்ள நாம் இருவரும் ஒரு வலையமைப்பு கட்டினோம். நடுவில் பெரிய சர்வர் எதுவும் கிடையாது. கிள்ளானில் உன் கணினி, மேருவிலும் ஸ்ரீ கெம்பாங்கானிலும் ஆசிரியர்களின் கணினிகள், இங்கே என்னுடையது. எந்தக் கதை யாரிடம் இருக்கிறது என்ற பட்டியலைப் பிரித்து ஆளுக்கொரு துண்டு வைத்துக்கொண்டோம். சில நாள் பதில் சொல்லாத கணினியின் பெயர் பட்டியலிலிருந்து தானாக அழிந்துவிடும் என்று விதியும் எழுதினோம். ரொம்பச் சுத்தமான விதி என்று நமக்குப் பெருமை வேறு.

முதல் தீபாவளிக்கு ஆசிரியர்கள் எல்லாரும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஊருக்குப் போனார்கள். நம் இரண்டு கணினிகள் மட்டும் விழித்திருந்து மற்ற அத்தனை பேரையும் அழித்துத் தள்ளியிருந்தன. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நீயோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"ஆளு ஊருக்கு, கம்பத்துக்குப் போனா செத்துட்டான்னு அர்த்தமா லா? நாம பக்கத்து வீட்ல சொல்லிட்டுத்தானே போறோம். அப்படி எழுது!"

அப்படியே மாற்றினோம். பேச்சு மூச்சில்லாத கணினியின் பெயரை யாரும் அழிக்கக் கூடாது. ஒவ்வொன்றின் கதைகளுக்கும் பட்டியல் துண்டுக்கும் முன்கூட்டியே நகல் வைத்திருப்பது வேறு இரண்டு கணினிகளின் பொறுப்பு. இடமெல்லாம் வீண் என்று நான் முனகினேன். "இருக்கட்டும் லா, நம்ம ஆளுங்கதானே" என்றாய்.

பிறகு திடீரென்று நீயே எங்களை விட்டுப் போய்விட்டாய். உன் கணினியும் பழுதாகிவிட்டது. அதைத் தூக்கிக்கொண்டு உன் மகள் என் வீட்டுக்கு வந்தாள்.

"ஆன்டி, அம்மா கொரல் எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. இதுல இருந்து எடுக்க முடியுமா?"

எவ்வளவோ முயன்றேன், அதிலிருந்து எதுவும் வரவில்லை. பட்டியலில் உன் பெயரைத் தேடினேன். இருந்தது. நீ சொன்ன கதைகள் அத்தனையும் மேருவிலிருந்து வந்து இறங்கின.

ஒன்றில், நரி கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும் நேரம் வெளியே மீன் விற்கும் லோரி ஹாரன் அடிக்கிறது. கதையைப் பாதியில் விட்டுவிட்டு நீ கத்துகிறாய்: "அங்கிள், போயிடாதீங்க லா, வரேன்!" அந்த இடத்தை மட்டும் உன் மகள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். சிரித்தாள், அழுதாள், மறுபடியும் போட்டாள். உனக்கு நான் எப்படி நன்றி சொல்வது?

நீ வைத்திருந்த பட்டியல் துண்டு இப்போது என் கணினியில் என் பங்கோடு சேர்ந்து இருக்கிறது. உன் கதைகளைக் காத்து வைத்திருப்பவர்களின் வரிசையில் புதிதாக ஒரு பெயர் ஏறியிருக்கிறது. உன் மகளுடையது.