சபைப் புத்தகத்தில் நீங்கள் எழுதிய மூன்று வரி

காக்கி நிறக் கம்பளி நூல்கண்டு ஒன்று என் மடியில் கிடக்கிறது. இதன் வாடை உங்களுக்குப் பிடிக்காது. நனைந்த ஆட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று மூக்கைப் பொத்திக்கொள்வீர்கள். முப்பது வருஷம் கருவாட்டு மூட்டைகளோடு தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் தோணி ஓட்டிய மனுஷர், என் நூலுக்கு மூக்கைப் பொத்தினீர்கள்.

இதை இன்று காலையில் உபதேசியார் கொண்டுவந்தார். நீங்கள் போன பிறகு நம் சபைக்கு வந்தவர். யுத்தத்துக்குப் போயிருக்கும் சிப்பாய்களுக்குக் காலுறை பின்னித் தர வேண்டுமாம். நூலைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலை இல்லை. நல்ல மனுஷர், உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகலாம் என்று நினைத்துவிட்டார். பழைய நடவடிக்கைப் புத்தகத்தைக் கறையான் அரித்துவிட்டதால் புதிதாகப் பார்த்து எழுதிக்கொண்டிருக்கிறாராம். அதில் உங்களைப் பற்றிப் படித்தாராம்.

“ஐயா பெரிய மனசுக்காரரு, ஆச்சி. ஒங்க மேல ஒரு குத்தமும் வரப்பிடாதுன்னு எல்லாத்தையும் தன் தலையில ஏத்துக்கிட்டாகளே,” என்றார்.

எதை என்று கேட்டேன். எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு முழுவதையும் சொன்னார். ஏழு வருஷமாக எனக்குத் தெரியாமல் இருந்தது இன்று தெரிந்தது. உங்களோடு நான் சண்டை போட வேண்டும். கல்லறைத் தோட்டத்தில் படுத்திருக்கிறீர்கள் என்பதற்காக விட்டுவிட மாட்டேன்.

அந்தச் சாரல் காலம் உங்களுக்கு மறந்திருக்காது. நீங்கள் தோணியை விட்டு இறங்கி, கடலே இல்லாத என் ஊருக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆனி மாதம் செங்கோட்டைப் பக்கத்திலிருந்து காற்று இறங்கியதும் குளத்துக்கரையில் போய் நின்றீர்கள். வேட்டி படபடவென்று அடித்துக்கொண்டது. “ஏட்டி, இம்புட்டுக் காத்தும் வீணாப் போவுது பாரு,” என்று சாப்பாட்டைக் கொட்டிவிட்ட மாதிரி வருத்தப்பட்டீர்கள். பத்து நாளில் தூத்துக்குடியிலிருந்து ஒற்றைப் பாய் வள்ளம் ஒன்று ரயிலேறி வந்தது. தென்காசி ஸ்டேஷனிலிருந்து அது மாட்டுவண்டியில் போனபோது கடைவீதியில் வியாபாரம் நின்றுவிட்டது. மடை காவல்காரர் சுடலை கேட்டார், “அண்ணாச்சி, நம்ம கொளத்துல இருந்து கொழும்புக்கு எத்தன நாளு?” நீங்கள் முகம் மாறாமல், “காத்து ஒத்து வந்தா ஆடிக்குள்ள போயிரலாம்லே. நீயும் வாரியா?” என்றீர்கள். அவர் கொஞ்சம் யோசித்ததுதான் எனக்கு இன்னும் சிரிப்பு.

முதல் நாள் என்னை ஏற்ற மாட்டேன் என்றீர்கள். தோணியில் பெண்பிள்ளையை ஏற்றும் வழக்கம் இல்லையாம். இது தோணி இல்லை, குளத்து வள்ளம் என்று சொல்லிவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து நானே ஏறி உட்கார்ந்தேன். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

ஓய்வு என்று பெயர்தான். அந்த இரண்டு மாதம் நாம் உட்காரவே இல்லை. குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று சேதி போனதும் உங்கள் ஊரில் நமக்குச் சொந்தக்காரர்கள் முளைத்துவிடுவார்கள். ஐந்தருவியில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு அகோரப் பசியோடு திரும்புவார்கள். அவர்களுடைய ஈரத்துணி உங்கள் பாய்க்கயிற்றில் தொங்கும். காலையில் அவர்களுக்குத் தோசை, மதியத்துக்கு மேல் வள்ளம், புதன்கிழமை வீட்டு ஜெபம், சனிக்கிழமை கோயிலைப் பெருக்கிப் பாய் விரிப்பது. நடுவில் கிடைத்த நேரமெல்லாம் என் பின்னல். மிஷன் பங்களாவில் கழித்துப்போட்ட கம்பளிச் சட்டை ஒன்றை வரிவரியாகப் பிரித்துப் பார்த்துத்தான் பின்னக் கற்றேன். யாரும் சொல்லித்தரவில்லை. உடைந்த குடையின் கம்பியைக் கல்லில் தேய்த்து ஊசி செய்தேன். எழுத்தையும் அப்படித்தான் கற்றேன். கோயிலில் பாடும் பாட்டெல்லாம் எனக்கு மனப்பாடம். புத்தகத்தில் எந்த எழுத்து எந்தச் சத்தம் என்று நானே பொருத்திப் பார்த்தேன்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. அக்கரையில் மடைக்குடிசையில் சுடலையின் மனைவிக்குப் பிள்ளை பிறந்து எட்டு நாள். மூன்று நாளாகச் சாரல் விடவில்லை. குளம் நிரம்பி, மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாகப் பாய்ந்து கரைப்பாதை அறுந்து கிடந்தது. பிள்ளைக்கு நான் பின்னிய குல்லாவில் கடைசி நாலு வரி பாக்கி. ஆராதனை முடிந்து வந்ததும் வள்ளத்தை எடுங்கள் என்றேன். நீங்கள் தயங்கினீர்கள்.

“ஞாயித்துக்கெழமைலா ஏட்டி. நாளைக்குப் போவோமே.”

“நாளைக்கு வரைக்கும் பிள்ள குளிரு தாங்குமா?”

நீங்கள் பாயை விரித்தீர்கள். நான் நடுப்பலகையில் உட்கார்ந்து பின்னினேன். அக்கரை சேருவதற்குள் நூலை முடிந்து பல்லால் கடித்து அறுத்தேன். அந்தத் தாய் குல்லாவை மாட்டிவிட்டுப் பிள்ளையை என் கையில் கொடுத்தாள். திரும்பி வரும்போது, கோயிலிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு போனவர்கள் எல்லோரும் நம்மைப் பார்த்தார்கள். பாய் அரை மைலுக்குத் தெரியும். குற்றம் என்று நினைத்துச் செய்கிறவர்கள் பாய் விரித்துக்கொண்டா போவார்கள்?

புரட்டாசியில் சபைக் கமிட்டி கூடியது. ஓய்வுநாளில் வள்ளம் விட்டது, கைவேலை செய்தது, அதுவும் ஊர் பார்க்கச் செய்தது. இருவரும் சபை முன்னால் நின்று தப்பு என்று சொல்ல வேண்டும். சொல்லும் வரைக்கும், அப்பமும் ரசமும் தருகிற இராப்போஜனப் பந்தியில் இடமில்லை என்று தீர்ப்பு. மூப்பர் வீட்டுக்கே வந்து, ஒரு வார்த்தைதானே தாயி, சொல்லிவிட்டால் முடிந்தது என்றார். எட்டு நாள் பிள்ளைக்குக் குல்லா போட்டது தப்பு என்று என் வாயில் வராது என்று சொல்லி அனுப்பினேன். மூன்று மாதம் ஒரு வாரம் தவறாமல் கோயிலுக்குப் போனோம். எல்லோரும் எழுந்து பந்திக்குப் போகும்போது நான் பெண்கள் பக்கத்துக் கடைசிப் பாயிலும் நீங்கள் ஆண்கள் பக்கத்துக் கடைசிப் பாயிலும் உட்கார்ந்திருப்போம். நான் தலை குனியவில்லை. நீங்கள் குனிந்திருந்தீர்கள். ஜெபம் பண்ணுகிறீர்கள் என்று நினைத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஆள் வந்து, இருவரும் பந்திக்கு வரலாம் என்று சொன்னபோது நான் எப்படிக் குதித்தேன்! பார்த்தீர்களா, அசையாமல் உட்கார்ந்திருந்தால் அவர்களே இறங்கி வருவார்கள் என்றேன். குத்துக்கல்வலசையிலிருந்து ஐந்தருவி வரைக்கும், பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். வந்து தங்கிய விருந்தாளிகளுக்கு வருஷாவருஷம் சொன்னேன். நீங்கள் கயிற்றை முறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பீர்கள். ஒருமுறைகூட வாயைத் திறக்கவில்லை.

புத்தகத்தில் இருப்பது இது: “என் மனைவியைக் கட்டாயப்படுத்தி வள்ளத்தில் ஏற்றினவனும், ஓய்வுநாளில் பின்னச் சொன்னவனும் நானே. அவள் எனக்குக் கீழ்ப்படிந்தாள். அவள் மேல் குற்றமில்லை.” கீழே உங்கள் கையெழுத்து. குருவானவர் முன்னால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டீர்கள் என்று அதற்கடுத்த வரி சொல்லுகிறது.

கீழ்ப்படிந்தாளாம். நாற்பது வருஷம் குடும்பம் நடத்திய உங்களுக்கு அந்த வார்த்தையை எழுதக் கை எப்படி வந்தது? எதற்காகச் செய்தீர்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. பந்தியில் பேர் இல்லாதவர்களுக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடம் கிடையாது. உங்கள் தகப்பனாரைக் கடல் கொண்டுபோனது. உடம்பு கரை சேரவில்லை. அந்த மூன்று மாதத்தில் ஒருநாள் வள்ளத்தைக் கட்டும்போது, “நாம ரெண்டு பேரும் ஒரே இடத்துல கெடந்தாப் போதும்ட்டி,” என்றீர்கள். நான் காது கொடுக்கவில்லை. அது என் தப்பு. அதை எந்தச் சபை முன்னாலும் நின்று சொல்வேன். நீங்கள் போனபோது உங்கள் பக்கத்தில் எனக்கும் இடம் விட்டுத்தான் குழி வெட்டினார்கள். அந்த இடத்துக்கு விலையாகத்தான் என் ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக் கொடுத்திருக்கிறீர்கள். கேட்டிருந்தால் தந்திருக்க மாட்டேன். அதனால்தான் கேட்கவில்லை.

மத்தியானமே கோயிலுக்கு நடந்து போனேன். புதுப் புத்தகத்தில் உங்கள் மூன்று வரியையும் பார்த்து எழுதி முடித்திருந்தார். பேனாவைக் கேட்டேன். தான் எழுதித் தருவதாகச் சொன்னார். எனக்கு எழுத்துத் தெரியும் என்றேன். அந்த வரிகளை அடிக்கவில்லை. அவர் பார்த்து எழுதியதானாலும் உங்கள் வார்த்தை. அதன் கீழே எழுதினேன்: “மேலே உள்ளது உண்மையல்ல. நானாகத்தான் ஏறினேன். போகச் சொன்னவளும் நானே. தப்பு என்று அன்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லவில்லை.” என் பெயரையும் எழுதினேன்.

உபதேசியார் அதைப் படித்துப் பார்த்தார். “ஆச்சி, கமிட்டி திரும்பவும் கூடும். பந்தியில இருந்து பேர எடுத்துருவாக. அப்புறம் ஐயா பக்கத்துல இருக்க அந்த எடம்...”

“தெரிஞ்சுதான் எழுதியிருக்கேன்,” என்றேன்.

காலுறை பின்னுவேன். குளிரில் நிற்கிற பிள்ளைகளின் கால் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமையும் பின்னுவேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். குடைக்கம்பி ஊசிகள் இன்னும் என் கையில்தான் இருக்கின்றன. ஒன்று கொஞ்சம் வளைந்திருக்கிறது. வள்ளத்தில் பலகையில் ஊன்றி எழுந்தபோது வளைந்தது. நிமிர்த்தித் தருகிறேன் என்றீர்கள், நான்தான் வேண்டாம் என்றேன்.

உங்கள் பக்கத்து இடத்தைக் கமிட்டி எடுத்துக்கொண்டால் எடுத்துக்கொள்ளட்டும். கல்லறைத் தோட்டத்தின் மேற்குச் சுவரை ஒட்டித்தான் நீங்கள் இருக்கிறீர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் சுடலையின் மச்சினன் நிலம். வரும் வழியில் அவரைப் பார்த்துப் பேசிவிட்டேன். ஆறடி போதும் என்றேன். எடுத்துக்கிடுங்க ஆச்சி என்றார். காற்று மேற்கிலிருந்துதான் வருகிறது. முதலில் என்னைத் தொட்டுவிட்டுத்தான் உங்களிடம் வரும்.