கருடன் என்று கும்பிட்டோம்

கோபிசெட்டிபாளையம்,
2.5.1996

பிரத்யுஷா அப்பாவுக்கு, பத்மாவதி எழுதுவது. நானும் குழந்தையும் சௌக்கியம். நீங்களும் உங்கள் ஆளில்லா விமானமும் சௌக்கியமா?

பன்னிரண்டாம் தேதி ஞாயிறு, ஏரிக்கரையில் உங்கள் குலசாமி கோயிலில் பாப்பாவுக்குக் காதுகுத்து. மொட்டைக்கும் வரவில்லை. இதற்கும் வராவிட்டால் நான் கோயமுத்தூர் பஸ் ஏறமாட்டேன். மிரட்டல் இல்லை, முடிவு.

பத்மாவதி

ஆர்.எஸ்.புரம்,
7.5.1996

அன்புள்ள பத்து,

அன்றைக்குத்தான் மில்ட்ரி அதிகாரிகள் முன்னால் சோதனை. இடம் ரகசியம், எனக்கே காலையில்தான் சொல்வார்களாம். எதிரி வேஷம் போட்ட சிப்பாய்கள் எங்கோ முகாம் போட்டிருப்பார்கள். நான் மேலே விமானத்தை விட்டு, கீழே டிவியில் பார்த்துக் கண்டுபிடித்து, பட்டனை அழுத்த வேண்டும். குண்டுக்குப் பதில் கோலப்பொடிப் பொட்டலம். நம் ஆளுக்கு ஒரு கீறல்கூடப் படாத யுத்தம்! கோபிக்காதே கண்ணு.

உன் சசிதர்

கோபி,
12.5.1996

பிரத்யுஷா அப்பாவுக்கு,

தம்பி திருமூர்த்தி மடியில் பாப்பா. ஆசாரி ஒரு காது குத்தி முடித்தார். தலைக்கு மேலே ஏதோ வட்டமடித்தது. "கருடன் அம்மணி! சாமியே வந்துபோட்டாருங்க, எல்லாரும் கும்புடுங்க!" என்றார் அப்பா. நூறு பேரும் கையைத் தூக்கிக் கும்பிட்டோம்.

பொத்தென்று ஒரு பொட்டலம் விழுந்தது. அப்பாவுக்கு வாய் நிறையக் கோலப்பொடி. உங்கள் குலசாமிக்கு வெள்ளையடித்தாயிற்று. சாம்பார் அண்டா போச்சு. ஆசாரி ஓடியவர் ஓடியவர்தான். பாப்பா ஒற்றைக் கம்மலோடு திரிகிறாள்.

கருடனை அனுப்பியது யாருங்க?

பத்மாவதி

ஆர்.எஸ்.புரம்,
15.5.1996

பத்து,

நான்தான். ஏரிக்கரை என்றார்கள், எந்த ஏரி என்று நானும் யோசிக்கவில்லை. டிவியில் எல்லாம் மங்கல். புகை தெரிந்தது, முகாம் என்றேன். நாதஸ்வரம் நீண்டது, துப்பாக்கி என்றேன். எல்லோரும் கையைத் தூக்கியதும் சுடப் போகிறார்கள் என்று பயந்து அழுத்திவிட்டேன். சிப்பாய்கள் அடுத்த ஏரியில் தூங்கிக்கொண்டிருந்தார்களாம். ஆனாலும் குறி தப்பவில்லை என்று அதிகாரிகள் கைதட்டினார்கள். இருநூறு விமானத்துக்கு ஆர்டர்!

மாமாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். ஓரமாக நின்ற புள்ளி நீதானே?

சசிதர்

கோபி,
18.5.1996

பிரத்யுஷா அப்பாவுக்கு,

ஓரமாக நின்றது எங்கள் அத்தை. நான் நடுவில் பாப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் குறி வைத்தது எங்களைத்தான்.

அப்பா ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. பெற்ற குழந்தையையே எதிரி என்றீர்கள். முன்னே பின்னே பார்த்திராதவர்களை அந்த இருநூறும் என்னவென்று சொல்லும்? அங்கே விழுவது கோலப்பொடியா?

ஆர்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வெள்ளிக்கிழமை அடுத்த காதுக்கு வாருங்கள். இல்லாவிட்டால் வராதீர்கள்.

பத்மாவதி

ஆர்.எஸ்.புரம்,
21.5.1996

பத்து,

போய்ச் சொன்னேன். "நீங்க வேண்டாம்னா போங்க, வரைபடமெல்லாம் டெல்லிக்குப் போயாச்சு" என்று சிரித்தார்கள். நான் வரைந்ததை வைத்து வேறு யாரோ செய்வார்கள். நிறுத்த முடியவில்லை. வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் வாரேன். நீ வேண்டாமென்றாலும் வாரேன். வாசலில் நிற்கிற ஆள் யாரென்று பாப்பா கேட்டால், என்ன சொல்வதென்று நீயே முடிவு பண்ணு.

சசிதர்