விரல் பொருந்தவில்லை

மார்ச் 4
ஆபீசில் இன்று கொண்டாட்டம். வயதுவந்தவர்கள் அநேகமாக எல்லோருக்கும் அடையாள அட்டை கொடுத்தாயிற்று. அடுத்த மாதத்திலிருந்து அரசு மருத்துவமனைகளிலும் விரல்ரேகை வைத்தால்தான் மருந்து. விரலைப் பொருத்திப் பார்க்கும் வேலை எங்கள் பிரிவுடையது. மேலாளர் கேக் வெட்டினார். அக்காவுக்கு ஒரு துண்டு எடுத்துப் போனேன். வாயெல்லாம் புண், சாப்பிட முடியவில்லை. புற்றுநோய் மாத்திரை அப்படித்தானாம்.

ஏப்ரல் 9
அக்காவுக்கு மருந்து கொடுக்கவில்லை.

'விரல் பொருந்தவில்லை' - திரையில் வந்த வாசகம் நான் எழுதியது. ஈரத்துணியால் துடைத்து மறுபடி வைக்கச் சொன்னார் மருந்து கொடுக்கிறவர். அந்தக் குறிப்பும் நான் எழுதியதுதான். பத்து விரலையும் வைத்தாள். ஒன்றுகூட ஏறவில்லை.

வீட்டில் விளக்கடியில் பார்த்தேன். தோல் உரிந்து உரிந்து விரல்நுனியெல்லாம் வழவழவென்று இருக்கிறது. மாத்திரை ரேகையைத் தின்றுவிட்டது.

"நான்தான் நான்னு சொல்ல, நானே நேர்ல வந்தா பத்தாதாடா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் 10
டாக்டரைப் பார்த்தேன். "நான் எழுதிக் குடுத்துட்டேன். குடுக்க வைக்க வேண்டியது உங்க ஆபீஸ்." வெளிக்கடைகளில் இந்த மாத்திரை வருவதில்லை.

ஏப்ரல் 13
மேலாளர் கெட்டவர் இல்லை. உட்காரவைத்துத்தான் சொன்னார். "விரல் இல்லாம குடுக்கலாம்னு ஒரு வழி வெச்சா, மருந்து மொத்தமும் அந்த வழியாவே வெளிய போயிடும். முன்னாடி கள்ளப் பேர்ல வாங்கி வித்தது தெரியும்ல?"

தெரியும். விரலுக்குப் பதிலாகக் கண்ணைப் பார்க்கும் கருவி வைக்கலாமே என்று கேட்டேன். அடுத்த நிதியாண்டில்தானாம். டாக்டர் சான்று கொடுத்தால் விரல் வேண்டாம் என்று ஒரு விதி எழுதித் தரட்டுமா என்றேன்.

"எழுதுங்க. ஆனா குழு பார்க்கணும்."

ஏப்ரல் 21
அக்காவின் பதிவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் விரல் இருக்கும் இடத்தில் என் விரலை ஏற்றிவிட்டால்? ஒரே விரல் இரண்டு பேருக்கு என்று கணினி கண்டுபிடிக்கும். அவள் அட்டையே முடங்கும். அப்படிக் கண்டுபிடிக்க வைத்தவர்களும் நாங்களே. மூடிவிட்டேன்.

அவளிடம் சொன்னேன். "போடா லூசு. நீ கம்பி எண்ணப் போயிட்டா என்னை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிட்டுப் போவா?"

மே 6
குழு கூடவில்லை.

மே 19
கூடியது. ஒரு சொல்லை மாற்றச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். 'சான்று' இல்லையாம், 'சான்றிதழ்' என்று இருக்க வேண்டுமாம். டேய்... என்னத்தடா மாத்துறீங்க... இங்க ஒருத்தி மாத்திரை இல்லாம கெடக்குறாடா.

ஜூன் 11
விதி வந்துவிட்டது! கையெழுத்து, முத்திரை எல்லாம் சரியாக. எடுத்துக்கொண்டு ஓடினேன். இத்தனை நாள் விட்டுப்போனதால் முதலில் ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார் டாக்டர்.

ஜூன் 15
கல்லீரலுக்குப் பரவிவிட்டது. இனி அந்த மாத்திரையால் பயனில்லையாம்.

நடுவில் விட்டதாலா என்று கேட்டேன். டாக்டர் பேனாவை மூடினார். "அப்படிச் சொல்ல முடியாதுங்க." இல்லை என்றும் சொல்லவில்லை.

ஜூன் 24
வலி மருந்து வாங்கப் போனோம். நான் பையிலிருந்து உத்தரவை எடுப்பதற்குள் அக்கா பழக்கதோஷத்தில் விரலை வைத்துவிட்டாள். பச்சை விளக்கு. முதல் தடவையே.

"அட, வந்துடுச்சே! கை நல்லாயிடுச்சும்மா உங்களுக்கு," என்றார் மருந்து கொடுக்கிறவர். அவருக்கு நிஜமான சந்தோஷம்.

மாத்திரை நின்று நாளாகிவிட்டதல்லவா. ரேகை திரும்ப வளர்ந்துவிட்டது.

பஸ்ஸில் ஜன்னல் வெளிச்சத்தில் விரலை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"என்னை அதுக்கு அடையாளம் தெரிஞ்சிடுச்சு பாரேன்டா."

"ஆமாக்கா," என்றேன்.