என் சீட்டில் இன்னொருவர் கை

மார்ச் 9, ஞாயிறு

இன்று பள்ளிக்கூட அறையில் இருந்தவர்கள்: வழுக்கைத் தலை வாக்குச்சாவடி அதிகாரி, விரலில் மை வைத்த டீச்சர், கட்சி ஏஜெண்டுகள் இரண்டு பேர் (ஒருவன் தூக்கம்), வாசலில் போலீஸ்காரர், சுவரோரம் கழுத்தில் அட்டை தொங்கவிட்ட தேர்தல் பார்வையாளர் பெண், என் பெரிய பையன், நான். ஒருவரையும் விடவில்லை. விடப்போவதும் இல்லை.

இடது கண்ணில் புரை எடுத்துக் கட்டுப் போட்டிருக்கிறது. வலது கண்ணால் ஊசியில் நூல் கோப்பேன். பெரியவன் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவுக்குக் கண் தெரியாது சார், துணைக்கு நான் வந்திருக்கேன்" என்றான். அதிகாரி என்னைக் கேட்டாரா? என் தலைக்கு மேலே அவனைப் பார்த்தார். சரி என்று தலையாட்டினார். மறைப்புக்குள் முத்திரையை அவனே குத்தினான், சீட்டை அவனே மடித்தான், அவனே பெட்டியில் போட்டான்.

"எனக்குத் தெரியுதுடா."

"சும்மா இருங்கம்மா. முதலாளி கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

அவன் முதலாளிதான் வேட்பாளர்.

அட்டைக்காரியை வராந்தாவில் பிடித்தேன். "நீ பார்த்தேல்ல?"

"பார்த்தேம்மா."

"அப்புறம் வாயைத் திறக்கிறதுக்கென்ன?"

"நடுவுல புகுந்து தடுக்க எங்களுக்கு உரிமை இல்லம்மா. சீட்டைத் தொடக்கூடாது, யாருக்கும் உத்தரவு போடக்கூடாது. பார்க்கலாம், அதிகாரிகிட்ட கேட்கலாம், எழுதலாம். நீங்க புகார் கொடுத்தா, அதை ஒழுங்கா வாங்குறாங்களான்னும் பார்ப்பேன்."

"பார்க்கிறதுக்கு ஒரு சம்பளமா?"

"சம்பளமும் கிடையாதும்மா."

மார்ச் 10

புகார் கொடுத்தால் பெரியவன் வேலை போகும். கொடுக்காவிட்டால்? செத்தவர்கள் ஓட்டைப் போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். என்னை உயிரோடு பக்கத்தில் நிறுத்திவைத்தே போட்டுவிட்டானே.

"விட்டுடுங்கத்தை, ஒரு ஓட்டுதானே" என்கிறாள் மருமகள். ஒன்றுதான். என்னிடம் இருந்ததும் அதுதான்.

மார்ச் 11

கொடுத்துவிட்டேன். தேர்தல் ஆபீஸ் கிளார்க், "நாளைக்கு வாங்க பாட்டி" என்று இழுத்தான். பின்னால் உட்கார்ந்திருந்த அட்டைக்காரி பேனா மூடியைக் கழற்றினாள். கிளார்க் உடனே கை நீட்டி வாங்கிக்கொண்டான். ஓகோ, இதுதான் உன் வேலையா தாயி?

மார்ச் 14

விசாரணை. அட்டைக்காரி எழுதியிருந்ததைப் படித்தார்கள். எங்கள் தெருக் கிழடுகளில் பாதிக்கு அன்றைக்கு ஒருநாள் மட்டும் கண் போயிருக்கிறது. எல்லோருக்கும் துணையாக வந்தவர்கள் முதலாளியின் ஆட்கள். ஒருவரிடமும் அதிகாரி நேராகக் கேட்கவில்லை.

பிறகு பெரியவனைக் கேட்டார்கள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அம்மாவுக்கு இப்பல்லாம் ஞாபகம் தப்புது சார். நடக்காததெல்லாம் நடந்துச்சுன்னு சொல்லுவாங்க."

அறையே என்னைப் பாவமாகப் பார்த்தது. நான் வாய் திறந்தால் கிழவி உளறுகிறாள் என்பார்கள். திறக்காவிட்டால் அவன் சொன்னது சரி என்பார்கள்.

யாருக்குடா தப்புது? எனக்கா? நீ கீழ விழுந்து பல்லை உடைச்சுக்கிட்டு, தம்பிதான் தள்ளினான்னு பொய் சொன்னியே, அன்னைக்கு நீ போட்டிருந்த சட்டை நிறம் வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்குடா —

அங்கே இதைச் சொல்லவில்லை. "கேளுங்க, பதில் சொல்றேன்" என்று மட்டும் சொன்னேன். கேட்டார்கள். சொன்னேன்.

மார்ச் 19

எங்கள் சாவடிக்கு மறுபடி ஓட்டாம். பெரியவனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். மருமகள் பாத்திரங்களை ஓங்கி ஓங்கி வைக்கிறாள். வைக்கட்டும்.

மார்ச் 23, ஞாயிறு

தனியாகப் போனேன். அதிகாரி புது ஆள், ஒரு அம்மா. என் முகத்தைப் பார்த்து, "உங்களுக்கு உதவி வேணுமா?" என்றார்.

"வேண்டாம்."

மறைப்புக்குள் வேண்டுமென்றே நிதானமாக நின்றேன். யாருக்குக் குத்தினேன் என்று இந்த நோட்டிலும் எழுத மாட்டேன். அட்டைக்காரி சுவரோரம் நின்றாள், சிரிக்கக்கூட இல்லை. அதற்கும் ஒரு விதி இருக்கும்.

வழுக்கைத் தலையர் வழியில் கும்பிட்டார். போகட்டும், அவரை விட்டுவிட்டேன். முதலாளி எனக்கு உறவா, மன்னிக்க? பெரியவன் முத்திரையைப் பிடுங்கிக் குத்தியதைக்கூட வேலைக்குப் பயந்த புத்தி என்று தள்ளிவிடலாம்.

இரவு அவன் சாப்பிட உட்கார்ந்தான். பரிமாறினேன். "நடந்ததை மறந்துடுங்கம்மா" என்றான்.

"அதெப்படிடா முடியும், எனக்குத்தான் ஞாபகம் தப்பலையே" என்று இன்னொரு கரண்டி வைத்தேன்.

சாகும்வரை சோறு போடுவேன். மன்னிக்க மாட்டேன். என் பெரிய பையனை.